முறியாத காலுக்கு ஒரு கட்டு

செல்வக்குமார் பொய் சொல்வதென்று முடிவெடுத்துவிட்டான். பல் விளக்கும்போது எடுத்த முடிவு. வாய் கொப்பளித்த பிறகும் மாறவில்லை.

பொய் சொல்வது பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். நமக்கெல்லாம் அது டீ குடிக்கிற மாதிரி. செல்வக்குமாருக்கு அப்படியில்லை. பந்தல்குடி ரோட்டில் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்கு எடைச் சீட்டுக் கொடுக்கிறவன் அவன். லோடுக்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், மாமன் மச்சான் என்று உறவுகூடக் கொண்டாடிப் பார்த்தார்கள். ஒரு கிலோ கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணு பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு, "பொண்ணு பிடிச்சிருக்கு. கேசரிதான் பிடிக்கல" என்று சபையில் சொன்னவன். கேசரி கிண்டிய மாரீஸ்வரி, கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள். அவள் கணக்கு எப்போதுமே தனி.

அப்படிப்பட்டவனைப் பொய்க்கு விரட்டியது ஒரு பலூன்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். செல்வக்குமார் நடுங்கமாட்டான். எடைமேடை அறைக்குள் சாரை நுழைந்தால் கம்பால் தூக்கிக் கருவேலங்காட்டில் விட்டுவிட்டு வந்து சீட்டுப் போடுவான். பாம்பு எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று அதற்கே தெரியும். பலூன் அப்படியா? வெடிக்கப் போகிறேன், ஆனால் எப்போதென்று சொல்லமாட்டேன் என்கிற திமிர் பிடித்த ஜென்மம். யாராவது விரலால் அதைக் கீச்கீச்சென்று தேய்த்தால் செல்வக்குமாருக்குப் பல்லில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை கூசும். சந்தனமும் ஆகாது, காயக் காயத் தோலைப் பிடித்து இழுக்கும். ஈரம் சொட்டும் ரோசாப்பூ மாலையும் ஆகாது; யாரோ நனைந்த கையால் பிடரியைப் பிடித்த மாதிரி இருக்கும். மேளம் அடித்தால் அவனுக்குக் காதில் கேட்காது, நெஞ்சுக்குள் கேட்கும்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா நிதானமாகப் பேசிப் பார்த்துவிட்டு, இதற்கு ஆட்டிசம் என்று பெயர், நோயில்லை, நீங்கள் பிறந்த விதமே இதுதான் என்று சொன்னார். செல்வக்குமாருக்குத் தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பிறந்தது முதல் 'வேணும்னே பண்றான்' என்று திட்டு வாங்கியவன் அல்லவா. ஆனால் தங்கச்சி வீட்டுக்காரன் ஐயாத்துரைக்கு அது ஏறவில்லை. "அது சின்னப் புள்ளைகளுக்குல்ல வரும்? மீசை வச்ச ஆளுக்கு எங்கிட்டு வரும்?" என்றான்.

ஐயாத்துரை வாய் சும்மா இருக்காது. தங்கச்சி மகள் தர்ஷிகாவுக்குப் பேர் வைத்த அன்று ஒரு பலூன் வெடித்தது. செல்வக்குமார் பந்தலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் போய்விட்டான். பொழுது சாய்ந்துதான் வந்தான், சட்டையெல்லாம் முள்ளோடு. அன்றிலிருந்து காரியாபட்டிப் பக்கம் அவனுக்குப் 'பலூன் மச்சான்' என்று பேர். பேர் வைக்கப்பட்டது யாருக்கு என்பதே ஊருக்கு மறந்துபோனது.

இப்போது தர்ஷிகாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும். இருக்கிறது ஒரே மாமன். ஐயாத்துரையோ காரியாபட்டியில் மண்டபம் பிடித்து, செண்டமேளம் சொல்லி, வாசலில் பலூன் வளைவும் சொல்லிவிட்டான்.

கேலிக்கு செல்வக்குமார் பயப்படவில்லை. அது பழகிவிட்டது. தர்ஷிகா மேல் அவனுக்கு உயிர். ஊசி காதில் ஏறும் நேரம் பார்த்து ஒரு பலூன் வெடித்து, இவன் துள்ளி, பிள்ளையின் காது கிழிந்துவிட்டால்? அதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மாமன் மடியை விட்டுக்கொடுத்தால் தங்கச்சிக்கு ஆயுசுக்கும் தலைகுனிவு. விட்டுக்கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து. இதை மாரீஸ்வரியிடம் புலம்பினான். அவள், "பாப்போம்" என்றாள். அது ஒரு பதிலா?

மறுநாள் கூட்டாளி பாண்டீஸ்வரன் தானாகவே எடைமேடைக்கு வந்தான். அப்பா காலத்திலிருந்து எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற குடும்பம் அவனுடையது.

"ஏலே, கால் முறிஞ்சவன எவன்லே காதுகுத்துக்கு வரச் சொல்லுவான்?"

"எனக்குக் கால் முறியலையே."

"முறியலன்னு உனக்குத் தெரியும். கட்டுக்குத் தெரியுமா?"

"அது பொய்யில்லையா?"

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்றாக. நீ ஒரு பொய் சொல்லிக் காதுகுத்துல இருந்து தப்பிக்கக் கூடாதா?"

"மாரிகிட்டயும் பொய் சொல்லணுமா?"

"மொதல்ல அங்கதான் சொல்லணும். தங்கச்சி மாரி நம்பிட்டா ஊரு நம்பும்."

ஒரு ராத்திரி யோசித்து, நான் முதலில் சொன்னேனே, அந்தப் பல் விளக்கும் முடிவுக்கு வந்தான்.

முட்டை வெள்ளைக்கருவில் உளுந்தமாவைக் குழைத்துப் பூசிக் கட்டுவதுதான் பாண்டீஸ்வரன் வீட்டு முறை. கிண்ணத்தைப் பார்த்ததுமே செல்வக்குமார் வாசலுக்குப் போய்விட்டான். "நெசமாவே முறிஞ்சாலும் எனக்கு அது வேணாம்" என்றான். சரியென்று மூங்கில் தப்பை வைத்து வெறும் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். கட்டு இறுக இறுக அவனுக்கு அப்படியொரு சுகம். இன்னொரு காலையும் கட்டச் சொன்னான். பாண்டீஸ்வரன் மறுத்துவிட்டான்.

வீட்டில் மாரீஸ்வரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என்னது இது?"

"கட்டு."

"தெரியுது. எதுக்கு?"

"லாரிப் படியில இருந்து வழுக்கி விழுந்து கால் முறிஞ்சு போச்சு ஆறு வாரம் அசையக் கூடாது." ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

"எந்த லாரி?"

இதைப் பாண்டீஸ்வரன் சொல்லித் தரவில்லை. "நின்ன லாரி."

"எந்தக் காலு?"

"கட்டுப் போட்ட காலு."

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்கணும்."

மாரீஸ்வரி கீரைத் தட்டை முகத்துக்கு நேரே தூக்கி, பூச்சி இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தாள். தட்டு குலுங்கியது. அழுகிறாள் என்று செல்வக்குமாருக்கு மனசு கலங்கிவிட்டது.

"நம்பிட்டியா?" என்று கேட்டான்.

"நீங்க சொன்னா நம்பாம இருப்பாகளா? எடைமேடைக்காரர் பொய் சொல்ல மாட்டாருன்னு ஊருக்கே தெரியும்."

அவள் உடனே காரியாபட்டிக்குப் போன் போட்டாள். கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் பேசினாள். திரும்பி வந்து சொன்னாள்.

"உங்க தங்கச்சி ஒரே அழுகை. புள்ளைய இங்க கூட்டிட்டு வாராக."

"என்னைப் பாக்கவா?"

"காது குத்த."

செல்வக்குமார் முறிந்த காலோடு எழுந்து நின்றுவிட்டான். பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்தான்.

"இங்க எப்படி? மண்டபம் சொல்லியாச்சே?"

"விருந்து மண்டபத்துல. காதுகுத்து நம்ம வீட்டுல. மாமன் மடி வர முடியலன்னா காதுதான மடியத் தேடி வரணும்?"

"எனக்குத்தான் கால் முறிஞ்சிருக்கே."

"முறிஞ்சது முழங்காலுக்குக் கீழ. மடி மேலல்ல இருக்கு."

செல்வக்குமார் குனிந்து பார்த்தான். மடி மேலேதான் இருந்தது. தப்பிக்கப் போட்ட கட்டு அவனை வீட்டோடு கட்டிப்போட்டுவிட்டது. இனி ஓட நினைத்தாலும் கருவேலங்காடு வரை நொண்டிக்கொண்டுதான் போகவேண்டும். பொறி வைத்தவனே பொறிக்குள் உட்கார்ந்து, மாரீஸ்வரி வைத்துத் தந்த ஆட்டுக்கால் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான். எலும்பு ஒட்டுவதற்கு நல்லதாம்.

காதுகுத்தன்று ஐயாத்துரை ஒரு வேன் நிறைய வந்து இறங்கினான். மேளக்காரர்கள் முன்னால், கை கொள்ளாத பலூனோடு அவன் பின்னால். நாற்காலியில் இருந்த செல்வக்குமாருக்குக் கண் இருட்டியது. மாரீஸ்வரி வாசலை மறித்து நின்றாள்.

"அண்ணே, மேளம் மண்டபத்துக்குப் போகட்டும். அதிர்ந்தா எலும்பு ஒட்டாதுன்னு வைத்தியரு சொல்லியிருக்காரு."

"அப்படியா? பலூனு?"

"அதுவும் மண்டபத்துக்கு."

"பலூனுக்கும் எலும்புக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"டொப்புன்னா அவுக திடுக்கிட்டுக் காலை உதறுவாக. எலும்பு விலகிப்போச்சுன்னா நீங்களா வந்து கட்டுவீக?"

"அய்யய்யோ, ஆமா. ஏலே, எடுத்துட்டுப் போங்கடா."

"சந்தனமும் வேணாம். கட்டுல ஈரம் படக் கூடாது."

"கன்னத்துலதானம்மா பூசப் போறோம்?"

"கன்னத்துல பூசுனா கீழதான இறங்கும்?"

ஐயாத்துரை யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். ரோசாப்பூ மாலையும் வேனுக்குத் திரும்பியது. அதற்குப் பதில் மாரீஸ்வரி மதுரையிலிருந்து வரவழைத்த ஏலக்காய் மாலையை எடுத்துப் புருஷன் கழுத்தில் போட்டாள். ஈரமில்லை, பிசுபிசுப்பில்லை, நல்ல வாசம். ரோசாப்பூவைவிட ஏலக்காய் எவ்வளவு கௌரவம் என்று வந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

எனக்கு இந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வருகிறது. படித்த டாக்டரம்மா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன், நாலு மூங்கில் குச்சியைப் பார்த்ததும் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுகிறான். சரி, விடுங்கள். நல்ல நாளில் எதற்கு வயிற்றெரிச்சல்?

தர்ஷிகா மாமன் மடியில் வந்து உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். செல்வக்குமார் அவளை நெஞ்சோடு சேர்த்து, தன்னைக் கட்டிய கட்டு மாதிரி இறுக்கி அணைத்துக்கொண்டான். ஒரு காது. வீல் என்று அழுதாள். அந்தச் சத்தமும் அவனுக்குள் போய்க் குத்தத்தான் செய்தது, ஆனால் அவன் இம்மிகூட அசையவில்லை. இன்னொரு காது. முடிந்தது. பிள்ளை மூக்கை மாமன் சட்டையில் துடைத்துவிட்டுச் சிரித்தாள். செல்வக்குமாருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கால் வலி தாங்கவில்லை போல என்று ஐயாத்துரை ரொம்ப வருத்தப்பட்டான்.

எல்லாரும் மண்டபத்துக்குக் கிளம்பிப் போனார்கள். 'அவுகளைப் பாத்துக்கணும்' என்று மாரீஸ்வரி தங்கிவிட்டாள். வீடு அமைதியானதும் செல்வக்குமாருக்கு நெஞ்சு உறுத்தியது. இத்தனை செய்தவளிடம் போய்ப் பொய் சொல்லிவிட்டோமே.

"மாரி, ஒண்ணு சொல்லணும். எனக்குக் கால் முறியல."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"பாண்டீஸ்வரன் அண்ணன உங்ககிட்ட அனுப்பி வச்சேன்ல, அப்ப இருந்து."

செல்வக்குமார் குனிந்து கட்டைத் தடவிப் பார்த்தான். சொந்தமாக ஒரே ஒரு பொய் சொன்னான், அதுவும் சொந்தமில்லை.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ஐயாத்துரை அண்ணன் வாசல்ல வந்து நலம் விசாரிச்சதுமே, 'எல்லாம் மாரி போட்ட திட்டம்'னு சொல்லியிருப்பீக."

சொல்லியிருப்பான். அது நிஜம்தானே.

"தங்கச்சி பாவம். போன்ல அவ்வளவு அழுதாளே."

"சிரிச்சாக. கட்டுத் துணியே அவுக வாங்கிக் கொடுத்ததுதான்."

"வைத்தியம் சொன்ன அவன், துணி வாங்குன அவ, எல்லாத்துக்கும் மேல நீ." செல்வக்குமார் நாற்காலியில் சாய்ந்தான். "அப்ப கால் முறியலன்னு யாருக்குத்தான் தெரியாம இருந்துச்சு?"

"ஐயாத்துரை அண்ணனுக்கு மட்டுந்தான்" என்றாள் மாரீஸ்வரி. "எங்க எல்லாருக்கும் தெரியும்கிறது தெரியாம இருந்தது நீங்க மட்டுந்தான்."