ஹாக்கெட் வாசலில் ஒரு துடைப்பம்

"வாசல்தான் பளபளன்னு இருக்கே! அப்புறம் எதுக்கும்மா இந்த வட்டாரமும் கிட்டாரமும்?" என்று கேட்டார் வெர்ஜில் ஹாக்கெட்.

துடைப்பமும் கையுமாக நின்றாள் பெர்னிஸ். வட்டாரம் வந்தால் தெரு எப்படி இருக்கும் என்று காட்டத்தானே விடிவதற்கு முன்பே வந்து அவருடைய இரும்புக்கடை வாசலைப் பெருக்கியிருந்தாள்!

மேடெரோ நகரத்துப் பழைய கடைத்தெரு ஈயடித்துக்கொண்டிருந்தது. ஜனமெல்லாம் நெடுஞ்சாலையோரத்து மாலுக்குப் போய்விட்டது. பெர்னிஸின் டோனட் கடை கிறிஸ்துமஸ் வரை தாங்குவதே சந்தேகம். மிச்சமிருந்த ஒரே வழி மேம்பாட்டு வட்டாரம். கட்டடச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுத் தெருவைப் பெருக்க, விளக்குப் போட, காவல் காக்க ஆள் வைப்பார்கள். அதற்கு ஓட்டெடுப்பு நடக்கவேண்டும். நகராட்சி தபாலில் ஓட்டுச்சீட்டு அனுப்பத் தொடங்கியிருந்தது. உறையை ஒட்டித் திருப்பி அனுப்பினால், சபையில் எல்லோர் முன்னிலையிலும்தான் பிரிப்பார்கள். கட்டடம் பெரிதானால் ஓட்டுக்கும் கனம் அதிகம்.

தெருவிலேயே பெரியது ஹாக்கெட்டின் மூலைக் கட்டடம். அவர் மாட்டேன் என்றால் எல்லாம் கோவிந்தா.

"சீட்டு வரட்டும். 'வேண்டாம்'னு அழுத்தமா ஒரு கோடு போட்டு அனுப்பறேன்" என்றார் அவர்.

கல்லாவில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்த அவர் மனைவி ஓபல் தலை நிமிராமல் சொன்னாள்: "வெறும் வாசலைப் பார்த்தா மனசு மாறுமா கண்ணு? பூத்தொட்டி வெச்சுப் பாரேன். மஞ்சள் பூவா இருந்தா நல்லாருக்கும்."

பெர்னிஸ் தெரு நீளத்துக்கும் மஞ்சள் பூத்தொட்டி வைத்தாள். அந்த ஊர் வெயிலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றவேண்டியிருந்தது. ஊற்றிவிட்டு வருவதற்குள் டோனட் கரிந்தது.

"அட, சொர்க்கமாட்டம் இருக்கு! இதுக்குப் போய் நான் ஏன் பணம் கட்டணும்?" என்றார் ஹாக்கெட்.

இதைக் கேட்டு, அதுவரை பெர்னிஸ் பக்கம் இருந்த முடிதிருத்தும் கடை லோமாக்ஸும் தாடையைச் சொறிய ஆரம்பித்தார். "அவர் சொல்றதும் நியாயமாத்தான் படுது, பெர்னிஸ். நீ ஒருத்தியே எல்லாம் செய்யறியே!"

"ஐயோ, உங்களுக்குக் காட்டத்தான் செய்யறேன்!"

"நல்லாக் காட்டற. விட்டுடாத."

ஓபல் மறுபடி வாய் திறந்தாள். "பொழுது சாஞ்சா குடிகாரங்க சலம்பல்தான் பயமா இருக்கு. அதுக்கு ஒரு வழி பண்ணினா இவர் மசிவாரோ என்னவோ."

பெர்னிஸ் விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சாயங்காலமானால் தெருவைச் சுற்றி வந்தாள். குடிகாரர்கள் அவளைக் கண்டாலே அடுத்த தெருவுக்கு ஓடினார்கள். தெருவில் மெல்ல ஜனநடமாட்டம் திரும்பியது. அவள் கடைக்கும் ஆள் வந்தது, ஆனால் கடையில் அவள்தான் இல்லை.

ஒருநாள் பொறுமை போயிற்று. 'நாறட்டும், அப்போதாவது புத்தி வரட்டும்' என்று துடைப்பத்தைத் தொடவில்லை.

பத்து மணிக்கு ஹாக்கெட் தாம்தூம் என்று குதித்துக்கொண்டு வந்தார். "என் வாசல்ல குப்பை! உன் வட்டாரத்தோட லட்சணம் இதுதானா? ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே படுத்துடுச்சே!"

லோமாக்ஸ் ஆமாம் என்று தலையாட்டினார். பெர்னிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி துடைப்பத்தை எடுத்தாள். பெருக்கினாலும் தோல்வி, பெருக்காவிட்டாலும் தோல்வி!

"எனக்கு இன்னும் சீட்டே வரல. தபால்காரன் சோம்பேறி" என்று ஹாக்கெட் வேறு தினமும் புலம்பினார். நகராட்சியில் விசாரித்தால், "எல்லாருக்கும் எப்பவோ அனுப்பியாச்சே" என்றார்கள். கிழவர் சீட்டை ஒளித்து வைத்துக்கொண்டு நாடகமாடுகிறார் என்று முடிவு கட்டிய பெர்னிஸ், அவருடைய ஜன்னல் கண்ணாடியையும் சேர்த்துத் துடைக்கத் தொடங்கினாள்.

சபை கூடிய நாளில் அவள் கடையைப் பூட்டிவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். நகராட்சி எழுத்தர் உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை கூட்டினார்.

"'வேண்டும்' ஜெயிச்சிடுச்சு. வட்டாரம் உருவாயாச்சு!"

கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கைதட்டல்! கடைசி நிமிஷத்தில் மறுபடி மனசு மாறி 'வேண்டும்' என்று ஓட்டுப் போட்டிருந்த லோமாக்ஸ் பெர்னிஸைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கடை பிழைத்தது!

"மோசடி!" என்று எழுந்தார் ஹாக்கெட். "எனக்குச் சீட்டே வரல! நான் ஓட்டே போடல!"

"மூலைக் கட்டடத்தோட ஓட்டு இதோ இருக்கே, சார். 'வேண்டும்'னுதான் இருக்கு" என்றார் எழுத்தர்.

ஓபல் கம்பளியை மடியில் வைத்தாள். "சீட்டு கட்டடக்காரங்களுக்குத்தானே வரும், வெர்ஜில்? கட்டடம் எங்கப்பா என் பேருக்கு எழுதி வெச்சது. உங்களுது கடை மட்டும்தான். இத்தனை வருஷத்துல வாடகைகூடக் குடுத்ததில்ல."

ஹாக்கெட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். சபை கொல்லென்று சிரித்தது. பெர்னிஸ் ஓடிப்போய் ஓபலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மகராசிம்மா! எப்ப மனசு மாறினீங்க? பூத்தொட்டி பார்த்தா, இல்ல விசில் சத்தம் கேட்டா?"

"மாறறதுக்கு என்ன இருக்கு? நீ முதல்முதலா துடைப்பத்தோட வந்தியே, அதுக்கு முந்தின நாளே போட்டு அனுப்பிட்டேன், கண்ணு" என்றாள் ஓபல். "சொன்னா பெருக்கறத நிறுத்திடுவியே!"