செக்கிங் அக்கா பார்த்த கோடு

வடசென்னையில் செக்கிங் அக்காவின் கண்ணுக்குத் தப்பியவர் கடவுள் ஒருவர்தான். அவரும் நேரில் வராததால்தான் தப்பித்தார்.

திருவொற்றியூரில் நான் பேக்கிங் பிரிவில் இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பது அக்காவின் வேலை. கம்பெனிக்கு வெளியிலும் அவர் அதை நிறுத்தியதில்லை. ராயபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையேறிய அக்கா வாழ்த்துச் சொல்வார் என்று பார்த்தால், மாப்பிள்ளையின் சட்டைக் காலரைத் திருப்பி, கழுத்தில் எப்போதும் தொங்கும் நூல் வெட்டும் கத்தரியால் ஒரு பிசிறை நறுக்கினார். "இப்ப போட்டோ புடி நைனா" என்று இறங்கி வந்தார். மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட கண்ணில், லேடீஸ் பாத்ரூம் குப்பைத்தொட்டியில் நான் போட்ட பிரெக்னன்சி கிட் ஒருநாள் பட்டுத் தொலைத்தது.

எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. குழந்தை, குழந்தை என்று மனசு அடித்துக்கொண்ட காலம் அது. மாதாமாதம் மெடிக்கல் ஷாப்பில் கிட் வாங்குவேன், இரண்டாவது கோடு விழாத ஒற்றைக் கோட்டைப் பார்ப்பேன், முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்புவேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா அந்தக் கிட்டை ஒரு வெட்டுத்துணியில் பிடித்துக்கொண்டு தையல் மெஷின்களுக்கு நடுவே வந்து நின்றார்.

"யாருடி இத்த போட்டது?"

என் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

"நாளு தள்ளிப் போச்சா உனுக்கு?"

"இல்லக்கா, இன்னும் நாலஞ்சு நாளு கீது."

"அப்பால எதுக்குடி இப்பவே பாத்துகினு கீற? கரு உண்டானாலும் அது போயி கர்ப்பப்பையில ஒட்டணும். ஒட்டுனாத்தான் அந்த ஹார்மோன் ஊறும், ஊறுனாத்தான் கோடு வுழும். உலையே வெக்கல, சோறு வெந்துச்சான்னு மூடியத் தொறந்து பாக்குற!"

மெஷின்கள் அத்தனையும் நின்று கேட்டன. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்கா விடுவதாக இல்லை. கரு தங்க எந்த நாளைக் கணக்கு வைக்கிறாய் என்றார். தலைக்குக் குளித்த நாளிலிருந்து ரெண்டு வாரம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"உனுக்கு மாசம் இழுத்துகினு போவுதுன்னு நீதானே பொலம்புவ? அடுத்து வரப்போற தேதிக்கு சுமாரா ரெண்டு வாரம் மின்னாடிதான் முட்டை வரும். அதுக்கு மின்ன நாலஞ்சு நாளும் சேத்து வெச்சுக்கோ. எங்க ஏரியா நர்ஸம்மா படிச்சுப் படிச்சு சொல்லும். சரி, அந்த வாரம் உன் வூட்டுக்காரரு எங்க?"

என் கணவர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். யோசித்துப் பார்த்தேன்.

"நைட் ஷிப்டுக்கா."

"நல்லா கீது உங்க குடித்தனம்!"

மறுநாள் சாயங்காலம் அக்கா ஹார்பர் கேட்டில் நின்றார். காதுகுத்து, சர்ச் திருவிழா என்றால் தோஸ்துகளுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். அக்கா என் கணவரின் கூட்டாளிகளை மொத்தமாக நிறுத்திவைத்து, அவரைக் கைகாட்டினார். "அடுத்த மாசம் நான் சொல்ற வாரத்துல இந்தப் புள்ளய நைட்டுக்கு வுடாதீங்கப்பா. வூட்டுல வேலை கீது."

"இன்னா வேலைக்கா?" என்றான் ஒருவன்.

"உங்கப்பன் பாத்த வேலைதான்டா!"

மறுநாள் வேலை முடிந்து என் கணவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். "மானமே போச்சு. கிரேன் மேல ஏறி உக்காந்தா கீழருந்து விசில் அடிக்கிறானுங்க." ஆனால் ஷிப்ட் மாறியது.

அடுத்த மாதம் நாள் தள்ளிப் போனது. அக்கா உத்தரவு போட்டார்: காலையில் முதல் சிறுநீரில்தான் பார்க்க வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும், ஆறிப்போனால் காய்ந்த தடம்கூடக் கோடு மாதிரி ஏமாற்றும். "வூட்டுல தனியா பாத்துகினு அழுவாத. இங்க வா, நான் பாக்குறேன்."

ஒரு டப்பாவில் பிடித்து வரலாம் என்ற புத்தி எங்கள் இருவருக்குமே வரவில்லை. அடக்கிக்கொண்டே கொருக்குப்பேட்டையில் கம்பெனி வேன் ஏறினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, படுபாவி வண்டி! பக்கத்தில் ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும் வேனே அவள்மேல் பாய்ந்தது.

"மூடுடி அத்த! அவ கஷ்டம் தெரியாம!"

"அண்ணே, குலுக்காம ஓட்டுங்க!"

"நானாம்மா குலுக்குறேன்? ரோடுதான் குலுக்குது!" என்றார் டிரைவர்.

கம்பெனியில் அக்கா கிட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் காவல் நின்றார். முடித்து வந்து செக்கிங் டேபிளில், டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்தேன். ஒரு கோடு வந்தது. பக்கத்தில் வெள்ளையாகவே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இல்லக்கா. இந்த வாட்டியும் இல்ல."

"சும்மா இரு."

அக்கா குனிந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். மூச்சே விடவில்லை.

"கீதுடி."

"எங்கக்கா?"

"தோ பாரு, வெளுத்த ரோஸ் நூலு மாரி! லேசா இருந்தா இன்னா? நேரத்துல வந்த கோடு கோடுதான்!" என்று கத்தினார். அவ்வளவுதான், தளமே எழுந்து ஆடியது. தீ பிடித்துவிட்டதென்று சூப்பர்வைசர் ஓடி வந்தார். "ரெண்டு நாளு வுட்டு இன்னொண்ணு பாரு, அழுத்தமா வரும். அப்பால ஆஸ்பத்திரில காட்டிடு."

இரண்டு நாளில் டிரைவர் அண்ணனுக்கே தெரிகிற அளவுக்குக் கோடு வந்தது. ஆஸ்பத்திரியிலும் உறுதி செய்தார்கள். ஹார்பர் கேட்டில் என் கணவர் தலை நிமிர்ந்து லட்டு கொடுத்தார். பையன்தான் என்று அக்கா அடித்துச் சொன்னார். பெண் பிறந்தது. கேட்டால், "நான் இன்னா ஜோசியக்காரியா?" என்று சண்டைக்கு வந்தார்.

பிள்ளையை யார் முதலில் பார்த்தது என்று எங்கள் வீட்டில் இப்போதும் வழக்கு நடக்கிறது. ஸ்கேனில் நான்தான் என்கிறார் கணவர். பிரசவ வார்டில் நான்தான் என்கிறார் என் அம்மா. அடித்துக்கொள்ளட்டும். எனக்குக் கண்ணீர் மறைத்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், தோ பாரு என்று என் மகளை எனக்குக் காட்டியது அக்காதான்.