புதுச்சத்திரத்தில் நான் விழுந்த கும்பிடு

பட்டாளத்துக்காரனுக்குப் பயமே கிடையாது என்று யாராவது சொன்னால், என் மனைவி கற்பகம் சட்டென்று அடுப்படிக்குள் போய்விடுவாள் (சிரிக்கத்தான்). எல்லையில் பக்கத்திலேயே ஒரு குண்டு விழுந்த பிறகு, குக்கர் விசில் அடித்தால்கூடக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டவன் நான். டாக்டர் புண்ணியத்திலும் நடராஜர் கருணையிலும் மெல்ல மெல்லத் தேறினேன்.

தேறியதும் வீரம் பொங்கிவிட்டது. அதே குண்டில் காலை இழந்த என் நண்பன் மாணிக்கத்துக்குச் செயற்கைக் கால் வாங்க, கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒரே நாளில் ஓட்டமும் நடையுமாகப் போய் நிதி திரட்டுவேன் என்று அறிவித்துவிட்டேன். நடுவில் கலங்கிப்போனால் 'இவன் இனி தேறமாட்டான்' என்று ஊர் முடிவு கட்டிவிடும். ஊர் கிடக்கட்டும், நானே முடிவு கட்டிவிடுவேன்.

நெற்றி நிறைய விபூதியோடு கிளம்பினேன். பின்னால் ஆட்டோவில் உண்டியலோடு கற்பகமும் அவள் தம்பி சேகரும். புதுச்சத்திரம் கடைத்தெருவில் மாலையும் மோருமாக ஒரே கூட்டம். சேகர்தான் போன் போட்டு, "வரவேற்பு ஜோரா இருக்கணும்" என்று சொல்லி வைத்திருந்தானாம். நம்ம பக்கம் ஜோர் என்றால் என்ன? சரவெடி!

முதல் வெடி வெடித்தது. நடுரோட்டில் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன். காதுக்குள் மாணிக்கத்தின் அலறல். அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் நான் விழுந்தது தெற்கே பார்த்து. தெற்கேதான் சிதம்பரம்.

"அய்யோ, இங்கேருந்தே நடராஜருக்கு வுழுந்து கும்புடறாரு பாரு!" என்று ஒரு பூக்கார அம்மா கத்தினார். "நீங்களும் வுழுங்கய்யா, என்னா வேடிக்க பாத்துகினு நிக்கறீங்க!"

வெடி ஓய்ந்து ஒற்றைக் கண்ணைத் திறந்தால், கடைத்தெருவே என் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறது! டீ மாஸ்டர், மாலையோடு வந்த பெரிய மனிதர், டிராபிக் போலீஸ்காரர்கூட.

"மாமா, எப்ப எழுந்திருக்கறது? தாரு சுடுது!" என்றான் சேகர், மூக்கு தரையில் உரச.

பட்டாளத்தில்கூட எனக்குத் துணையாக இத்தனை பேர் படுத்ததில்லை. சிரிப்பு வந்தது. வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வர, ரோட்டில் உருண்டு உருண்டு சிரித்தேன்.

"பக்தி முத்திப்போச்சி" என்றார் பூக்கார அம்மா.

எழுந்து ஓடினேன் பாருங்கள், ஆட்டோவே பின்தங்கிவிட்டது! பொழுது சாயும் நேரத்தில், சிதம்பரம் கீழ வீதியில் சக்கர நாற்காலியில் காத்திருந்த மாணிக்கத்தைக் கட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன்.

"கால் வரட்டும்டா, மொத வேலயா அங்க போயி நானும் வுழறேன்" என்றான். கால் வந்தது. போய் விழுந்தும்விட்டான்.

அந்த இடத்தில் இப்போது யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசியிருக்கிறார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "மாமா, ஒங்க கோயிலு வருது, எறங்கறீங்களா?" என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சேகர் கத்துவான். நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கற்பகம் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

"ஏய், அது வெறும் கல்லுடி" என்பேன்.

"இருக்கட்டுமே. பட்டாளத்துலேருந்து வந்தப்புறம் நீங்க மொத மொத சிரிச்ச எடம்ங்க அது" என்பாள்.