பழக்கப்பட்ட ஸ்பீக்கர்

புதுச் சாமானைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு ரகம். பழக்குகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாம் ரகத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். புதுச் செருப்பை நாலு நாள் வீட்டுக்குள் மட்டும் போட்டு நடப்பார், புதுப் பேனாவில் ஒரு வாரம் சுழித்துக்கொண்டே இருப்பார், கேட்டால் "பழகட்டுங்க" என்பார். எதற்குப் பழக வேண்டும்? அதை மட்டும் சொல்லமாட்டார்.

காரிமங்கலத்தில் வாடகை அம்பாசடர் ஓட்டிய அருள்நாதன் இந்த ரகத்துக்கே தலைவர். எண்பத்தாறில் பெங்களூருக்குச் சவாரி போனவர், பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றை முன் சீட்டில் துண்டு விரித்து உட்காரவைத்துக் கொண்டுவந்தார். அன்றைக்கே அவர் மனைவி லூர்து மேரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்: "வைகாசியில எந்தம்பி கல்யாணம். எங்க வூட்டுக்காரரு காருல மேளம் அதிர, பொண்ணு மாப்பிள்ள கோயில்லருந்து வருவாங்க, பாருங்க."

ஸ்பீக்கர் வந்தால் போதுமா, டிக்கியில் வைக்கப் பெட்டி வேண்டாமா? தச்சர் ஆண்டி பிளைவுட்டைக் காட்டினார். அது வெறும் பசை என்று அருள்நாதன் தள்ளினார். தேக்கு சத்தத்தைக் குடித்துவிடுமாம், வேம்பு கசப்பாகப் பாடுமாம். கடைசியில், மிருதங்கத்துக்கே பலாதான் என்று பலாப் பலகையில் பெட்டி அடித்து, உள்ளே மேரியின் தலையணையைக் கிழித்துப் பஞ்சு ஒட்டி, நாலு பேர் தூக்கி டிக்கியில் இறக்கியபோது வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது. அதற்குள் சித்திரை பிறந்துவிட்டது.

அப்புறம்தான் பழக்கம் ஆரம்பித்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துக்கு நாற்பது நாள் என்றால் ஸ்பீக்கருக்கும் நாற்பது நாள். முதல் பத்து நாள் ரேடியோச் செய்தி, அடுத்த பத்து நாள் புல்லாங்குழல், பிறகு வயலின், பிறகு வீணை. எல்லாம் கொசு பாடுகிற அளவில்தான். மேளம் நாற்பத்தோராம் நாள். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் காகிதம் கிழிந்துவிடும் என்று, பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார்.

கல்யாணம் முப்பத்தாறாம் நாள் வந்தது.

கோயில் வாசலில் மாலையும் கழுத்துமாகக் காரில் ஏறிய மைத்துனன் யாகப்பன், கொஞ்ச நேரம் காதைத் தீட்டிப் பார்த்துவிட்டு, "டேப்பு ரிப்பேருங்களா மாமா?" என்று கேட்டான்.

"வீணை ஓடுது மாப்ள. உத்துக் கேளு."

முன் சீட்டிலிருந்த மேரி மெல்லச் சொன்னாள். "இன்னைக்கு ஒரு நா மட்டும் கூட்டி வைங்க. ஊரே பாக்குது."

அருள்நாதனுக்கு மட்டும் ஆசை இல்லையா? கை பித்தானுக்குப் போனது. விரல் அதைத் தொட்டது. அந்தக் காகிதம் கண்முன் வந்தது. கை திரும்பிவிட்டது.

"நாலே நாளுதான் மேரி இருக்குது. இத்தன நாளு பழக்கிட்டு..."

மேரி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். பின்னால் வந்த பெண்களோடு சேர்ந்து வெயிலில் நடந்தாள். வண்டியை ஒட்டி நடந்துவந்த மாப்பிள்ளையின் தோழர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, டிக்கி மூடியிலேயே தாளம் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். அடியில் இருந்த பலாப்பெட்டி கும்மென்று கூடவே முழங்கியது. ஆண்டியின் வேலை சுத்தமான வேலை.

நாற்பத்தோராம் நாள் காலை அருள்நாதன் வாசலில் வண்டியை நிறுத்தி மேளத்தைப் போட்டார். அடடா, என்ன சத்தம். எதிர்வீட்டு ஓடு அதிர்ந்தது. பூரித்துப்போய் மனைவியைக் கூப்பிட்டார். மேரி முறத்தோடு வந்து நின்று முழுப் பாட்டையும் கேட்டாள்.

"நல்லாத்தாங்க இருக்குது," என்றாள். "இதுக்காவ எந்தம்பிக்கு இன்னொரு கல்யாணமா பண்ணி வெக்கறது?"

உள்ளே போய்விட்டாள். அருள்நாதன் பாட்டை நிறுத்தினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஸ்கூட்டர் சீட்டின் பாலிதீன் உறையை இன்னும் ஏன் உரிக்கவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. நல்ல நாளுக்காக நீங்களும் ஏதோ ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பீர்கள். அந்த நாள் போன வாரமே வந்துபோய்விட்டதா என்று மட்டும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.