ஒரு வாரத்து உருண்டைகள்

ஆபீஸ் வாசலில் கலால் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் சந்தானத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மடியில் ஒரு வாரத்து அபினி உருண்டைகள் இருந்தன.

முழங்கால் வலிக்கென்று தொட்ட அபினி அவரைப் பிடித்துக்கொண்டது. மீட்பதற்காக ஹவுரா ஹால்தார் டாக்டர் தினம் ஒரு உருண்டை கொடுத்து, அளவை மெல்லக் குறைத்து வந்தார். டாக்டருக்குச் சட்டமென்றால் நடுக்கம். "என் கண்ணெதிரே முழுங்கணும். வெளியே கொண்டுபோனா ரெண்டு பேருக்கும் ஜெயில்" என்பார்.

அப்பேர்ப்பட்டவர், போன துர்கா பூஜைக்குப் பிறகு, சந்தானம் கேட்டதும் மறுபேச்சில்லாமல் வாராவாரம் பொட்டலம் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். தன் யோக்கியதைக்குக் கிடைத்த மரியாதை என்று சந்தானம் பூரித்துப் போனார். மத்தியானம் ஒன்றைப் போட்டுக்கொண்டால் மேஜையிலேயே சொர்க்கம். சற்றே தாமதமானால் கை நடுங்கும்.

"சந்தானம் பாபு யாரு?" என்று இன்ஸ்பெக்டர் வங்காளியில் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

சந்தானம் பொட்டலத்தைப் பக்கத்து மேஜை மஹாதேவனின் வெற்றிலைப் பெட்டிக்குள் தள்ளினார். ஆபத்து தீர்ந்தது என்று மூச்சு விடுவதற்குள், உபசாரத்தில் குறை வைக்காத மஹாதேவன் அந்தப் பெட்டியையே திறந்து நீட்டினார்.

"உக்காருங்கோ பாபு. முதல்ல வெத்தலை போட்டுக்கோங்கோ."

இன்ஸ்பெக்டர் பொட்டலத்தைப் பிரித்தார். "இது என்ன, வாசனைப் பாக்கா?"

சந்தானம் பாய்ந்து பிடுங்கி, அத்தனையையும் வாயில் போட்டு விழுங்கினார்.

"என்ன ஓய் அது?" என்றார் மஹாதேவன்.

"ஒண்ணுமில்லே" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒரு வார அபினி. ஜெயிலுக்குப் பயந்து உயிரையே விட்டாகிவிட்டது. நாற்காலியில் சரிந்தார். நாக்கு குழறியது, கண் செருகியது.

"மஹாதேவா, என் ஆத்துக்காரி பாகீரதியை ஊருக்கு ரயிலேத்தி விட்டுடு. நான் முழுங்கினது அத்தனையும் அபினி. டாக்டர் மேல தப்பில்லே, பாவம். நான்தான் வெளியே கொண்டுவந்தேன்."

மஹாதேவன் உப்புத் தண்ணீருக்கு ஓடினார். சந்தானத்திடமிருந்து மெலிதாகக் குறட்டை கூடக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் நிதானமாக வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, சந்தானத்தின் தோளைத் தட்டி, ஓர் உறையை நீட்டினார்.

"டாக்டர் கடை பூட்டியிருக்கு, இதை அவர்கிட்ட சேர்த்துடுங்க பாபு. பூஜையோட காலாவதியான அபினி லைசென்ஸ் இப்பத்தான் புதுப்பிச்சுக் கைக்கு வந்தது. அதுவரைக்கும் சட்டத்துக்குப் பயந்து உங்களுக்குச் சுக்கும் வெல்லமும்தான் உருட்டித் தரதா அவரே சொன்னார்."