பிரேக் இல்லாத பைக்கும் இடப்பக்கம் போன குதிரையும்

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் ரதீசன் பணிவுடன் எழுதுவது. நாங்கள் இங்கே எல்லா எலும்புகளோடும் சுகம். நீங்களும் மாமியும் அவ்வாறே இருக்க விம்பிள்டன் பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மகள் தயாளினி பைக்கிலிருந்து விழுந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து நீங்கள் அவளுடைய போனை எடுப்பதில்லை. கணவன் என்ற முறையில் நான் விளக்கினால் உங்கள் மனம் ஆறிவிடும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஸ்பீட்வே என்பது ரோட்டில் ஓடுகிற ஆபத்தான ஓட்டமல்ல மாமா, மண் தடத்தில் நாலு பேர் நாலு சுற்று ஓடுவது, தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பைக்கில் பிரேக் இல்லை என்று மாமி அழுதாராம், உண்மைதான், ஆனால் ஒருவருக்குமே பிரேக் இல்லை, ஆகவே முன்னால் போகிறவன் திடீரென்று நிற்கமாட்டான், இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசியுங்கள். சட்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வேலை முடிந்ததும் பைக் ஓடப் பழகப் போகிறேன் என்றாள்; நான் கண்டிப்பாக வேண்டாம் என்றேன், அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனாள். மூன்று சீசன் ஓடினாள், பொடியன்மாரை முந்தினாள், வளைவில் அவள் கிளப்பிய மண் முழுவதையும் என் கலியாணக் கோட்டில் வாங்கினேன். விழுந்த கதையும் கேளுங்கள்: முன்னால் ஒருவன் விழுந்துவிட்டான், அவன்மேல் ஏறாமலிருக்கத் தன் பைக்கைத் தானே சரித்தாள், வீடியோ அனுப்பியவர்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். காறை எலும்பு உடைந்தது. ஒரு வருடத்துக்கு மோட்டார்சைக்கிள் கூடாது என்றார் டாக்டர். குதிரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எலும்பு பொருந்தியதும் பந்தயக் குதிரை ஓடப் பழக ஒரு லாயத்தில் சேர்ந்தாள். ஸ்பீட்வேயில் எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவது. முதல் குதிரைப் பந்தயமோ வலப்பக்கம் திரும்புகிற தடம். பழக்கதோஷத்தில் இடப்பக்கம் சாய்ந்தாள், சொல்வழி கேட்கிற குதிரை, அதுவும் அப்படியே நாங்கள் நின்ற பக்கம் வந்துவிட்டது, குதிரையைக் கிட்டப் பார்த்தவர்கள் அன்றைக்கு நாங்கள் மட்டும்தான். அடுத்ததில் மூன்றாவது. போன மாதம் முதலாவது. இறங்கி வந்து குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்து நின்றவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்பா பாத்திருப்பாரோ?"

நான் ஓம் என்றேன்.

இனி நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. வென்றாயிற்று, பைக்கை விற்றாயிற்று, குதிரையும் போதும் என்று சொல்லிவிட்டேன், என் சொல்லை அவள் தட்டுவதில்லை. சனி ஞாயிறுகளில் இனி வீட்டில் புட்டு அவிப்பாள்.

மாமியின் முழங்காலும் உங்கள் கோபமும் விரைவில் குணமாக வேண்டி,
ஆசி நாடும் மருமகன்,
ரதீசன்

பி.கு.: தயாளினி இதை வாசித்துவிட்டாள். "அப்பாவுக்குப் பொய் எழுதாதேங்கோ. கோவப்படுறதெண்டாலும் உண்மைக்குக் கோவப்படட்டும்" என்றாள். ஆகவே, பைக் விற்கப்படவில்லை. டாக்டர் சொன்ன ஒரு வருடமும் முடிந்துவிட்டது. வாற சனிக்கிழமை அதில் ஓடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை குதிரை. புட்டு அவிப்பது நான். ஓட்டம் தொடங்கும்போது பைக்கைத் தள்ளிவிடுவதும் நான்தான். ஓடுவதற்கு முன் உங்களுக்குப் போன் எடுப்பாள். நீங்கள் பேசத் தேவையில்லை மாமா, எடுத்து ஒருக்கா இருமினால் போதும், அவளுக்கு விளங்கும்.