கதவண்ணை வீட்டுக்கு வந்த விருந்தாளி

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் பக்கத்தில் நுழைவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். கூட்டத்தில் யாராவது என் பெயரைச் சொன்னால்கூடப் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பேன். கதவண்ணையைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கதவண்ணை அளவுக்குக் கதவு சாத்தியவர் எவரும் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர். விரி என்ற பகுதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். அங்கே குளிர் வெளியே போகாமல் கதவைச் சாத்தினார். ஓய்வுபெற்று ஏவன்டேல் பகுதியில் எங்கள் வீட்டு வரிசையின் கடைசி வீட்டுக்கு வந்தபின், குளிர் உள்ளே வராமல் சாத்தினார். அந்த வீட்டுக்கு வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

ரயிலில் கதவருகே நின்றுகொண்டு, ஏறுகிறவர்களை "கெதியா, கெதியா" என்று அவசரப்படுத்தி உள்ளே இழுப்பார். ஒருமுறை வழியனுப்ப வந்த மனிதரையும் சேர்த்து இழுத்துவிட்டார். பாவம், அவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நடந்தே திரும்பினார். சூப்பர்மார்க்கெட்டின் தானியங்கிக் கதவோடு அவருக்குத் தீராத பகை. "ஆள் தேவையில்லாமத் திறக்கிற கதவு ஒரு கதவே?" என்று அதன் முகத்துக்கு நேரே கேட்பார். கோயிலில் திரை விலகி, தீபாராதனைக்கு எல்லோரும் மூச்சடக்கி நின்ற நேரத்தில், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, அந்தப் பக்கக் கதவையும் ஒருக்காச் சாத்திவிடுங்கோ."

வீட்டுக்குள் நான்கு ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். போனால், "வாங்கோ தங்கச்சி, வெளியில விட உள்ளுக்கத்தான் குளிர் கூட. ஆனா கதவு சாத்தியிருக்கு" என்பார். சுவரில் தண்ணீர் வடியும். குளிர்காலத்தில் மின்சாரத்துக்கென்று அரசாங்கம் தருகிற பணம் வாடகையோடு கரைந்துவிடும். படுக்கையறையில் ஹீட்டர் கிடையாது.

இரண்டு குளிர்காலம் நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாவது முறை வந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கிருந்த நர்ஸ் ஒருவர், ஹீட்டரும் கனமான திரைச்சீலைகளும் இலவசமாகக் கொடுக்கும் ஓர் அமைப்புக்கு எழுதிப்போட்டார். வீடு எவ்வளவு குளிர் என்று பார்க்க வெள்ளிக்கிழமை ஆள் வரும் என்றார்கள்.

வியாழக்கிழமை காலை கதவண்ணை எங்கள் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, உங்கட ஹீற்றரை ஒரு நாளைக்குத் தருவியளே?"

"எதுக்குண்ணே?"

"நாளைக்கு ஆள் வருதெல்லே. வந்த மனுசர் நடுங்கிக்கொண்டு இருக்கிறதே?"

"அண்ணே, அவங்க பாக்க வர்றதே குளிரைத்தான்."

"எதைப் பாக்க வந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான்."

எங்களுடைய ஒரே ஹீட்டரையும், பக்கத்து வீட்டு மலேசியப் பையன்களுடைய இரண்டையும் தூக்கிப் போனார். இரண்டு முறை ஃபியூஸ் போனது. ஒரு பகல் ஓர் இரவு வீட்டைச் சுட வைத்தார். போதாததற்கு மின்னடுப்பின் ஓவன் கதவையும் திறந்து வைத்தார். அவர் வாழ்நாளில் திறந்து வைத்த ஒரே கதவு அதுதான்.

வந்தவர் நல்ல பெண்மணி. உள்ளே நுழைந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றினார். கையிலிருந்த வெப்பம் அளக்கும் கருவி இருபத்து மூன்று டிகிரி காட்டியது. கதவண்ணை ஒற்றை ஸ்வெட்டரில், நெற்றி வியர்க்க, பொரித்த ரோல்ஸும் தேநீரும் நீட்டினார்.

"வீட்டில் குளிருகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அவர்.

"நோ மேடம். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

அந்தப் பெண்மணி, கூட நின்ற என் பக்கம் திரும்பி, எப்போதும் இப்படித்தானா என்றார். உண்மை என் தொண்டை வரை வந்தது. நான் தரையைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் ஆமாம் என்று எழுதிக்கொண்டார்.

"பாத்தியளே, ஜக்கெற்றைக் கழட்டிப்போட்டு ஆறுதலா இருந்தவ" என்று கதவண்ணை அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹீட்டர்களைத் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வீடு போதுமான அளவு சூடாக இருக்கிறது என்று கடிதம் வந்தபோது, இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"நியாயம்தானே. எங்களை விடக் கஷ்டப்பட்ட சனம் இருக்குது."

குளிர் உச்சத்தில் இருக்கும் ஜூலையில் ஆம்புலன்ஸ் வந்தது. மூச்சு விட முடியாமல் கிடந்தவர், தூக்கிப் போனவர்களிடம் கையால் கதவைக் காட்டினார். நான்தான் சாத்தினேன். சாவி என்னிடம் இருந்தது.

மறுநாள் வேலையில் சாப்பாட்டு நேரத்தில், அடுக்கி வைத்த பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அந்த அமைப்புக்குப் போன் செய்தேன். பேச வேண்டியதை ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். அவசரத்தில் கிறுக்கிய என் எழுத்து எனக்கே புரியவில்லை. அட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அடுத்த வாரம் அதே பெண்மணி வந்தார். கருவி ஒன்பது காட்டியது. ஜன்னலில் ஆணியடித்திருந்த போர்வையை நான் விலக்க, பின்னால் சுவர் முழுவதும் கரும்பூஞ்சை. மூன்று ஹீட்டர் இரவல் வாங்கிய கதையைச் சொன்னேன். அவர் கைகளைத் தேய்த்தபடி அடுப்பின் மேலிருந்த கெட்டிலைப் பார்த்தார். தேநீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்தவரிடம் அதைக் கேட்காமல் நான் நின்றது அதுதான் முதல் முறை. ஹீட்டரை நாளைக்கே அனுப்புகிறேன் என்றார் அவர்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். கதவண்ணை மூக்கில் இருந்த குழாயைச் சற்று விலக்கினார்.

"வந்தவவுக்குத் தேத்தண்ணி குடுத்தனியளே?"

"குடுத்தேண்ணே."

"நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் விடிகாலையில், அவர் போய்விட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பத்து மணிக்கு அவர் வீட்டுக்கு ஹீட்டரும் இரண்டு ஜோடித் திரைச்சீலைகளும் வந்தன. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். கொண்டுவந்தவர் போகும்போது, கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னேன்.